பட்டியலைப் பங்கிட்டுக் கணக்கிடுதல்: ஆர் மொழியில் இணைச் செயலாக்கம்

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஒருமுறையேனும் சென்று வந்தவருக்கு, இணைச் செயலாக்கம் என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகாமில் விடைத்தாள்கள் கட்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கு வந்த தாள்களைத் தம் மேசையில் வைத்துத் திருத்துகிறார். எல்லாரிடமும் இருப்பது ஒரே விடைக்குறிப்பு. ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருப்பதில்லை. முடிவில் தாள்கள் மீண்டும் முதன்மைத் தேர்வாளரிடம் வந்து சேர்கின்றன. அங்கே எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது. ஒரு தாள் குறைந்தாலும் அன்று யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது.

கணினியில் ஒரு பட்டியலின் உறுப்புகள் ஒவ்வொன்றின்மீதும் ஒரே செயற்கூற்றை ஒரே நேரத்தில் செயல்படுத்துவதும் இதே வேலைதான். பிரித்தல், தனித்தனியே செய்தல், சேர்த்தல், எண்ணிச் சரிபார்த்தல் என்று நான்கு படிகள். இவற்றுள் நான்காவது படியை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். அதனால் 60 குழந்தைகள் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். அந்த அனுபவத்தோடு சேர்த்து இப்பொருளை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினி இல்லாத வகுப்பறையிலும் செய்யக்கூடிய செயல்பாடு ஒன்றும் பின்னால் தரப்பட்டுள்ளது.

பட்டியலும் செயற்கூறும்

பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' முதல் இயல். ஓர் உள்ளீட்டுக்கு ஒரே ஒரு வெளியீடு தருவது சார்பு என்று அங்கே கற்பிக்கிறோம். கணினி அறிவியலில் இதற்கு நெருக்கமானதைச் செயற்கூறு என்கிறோம். ஒரு மாணவரின் 25 வினாக்களுக்கான மதிப்பெண்களைக் கொடுத்தால் மொத்தத்தைத் திருப்பித் தருவது ஒரு செயற்கூறு. மாணவர்கள் 240 பேர் என்றால் அதே செயற்கூற்றை 240 முறை செயல்படுத்த வேண்டும்.

புள்ளியியல் கணிப்புக்கென்றே உருவான மொழி ஆர். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். இருவர் பெயரிலும் முதலெழுத்தான 'ஆர்' மொழியின் பெயராயிற்று. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று அதன் முதல் முழுப்பதிப்பு வெளியானது. இது கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருள்.

இம்மொழியில் 'எல்அப்ளை' என்றொரு கட்டளை உண்டு. முதலிலுள்ள 'எல்' பட்டியலைக் குறிக்கும். இதனிடம் இரண்டைக் கொடுக்கிறோம்: ஒரு பட்டியல், ஒரு செயற்கூறு. அது பட்டியலின் முதல் உறுப்பை எடுத்துச் செயற்கூற்றிடம் தருகிறது, விடையை வாங்கி வைக்கிறது, இரண்டாவதை எடுக்கிறது, இப்படியே இறுதிவரை செல்கிறது. எத்தனை உறுப்புகள் உள்ளே போயினவோ அத்தனை விடைகள் அதே வரிசையில் வெளியே வரும். மேல்நிலை வகுப்பில் நம் மாணவர்கள் பயிலும் பைத்தான் மொழியில் 'மேப்' என்பது இதே பணியைச் செய்கிறது. ஆகவே இக்கருத்து ஆர் மொழிக்கு மட்டும் உரியதன்று.

ஒரு கையும் நான்கு கைகளும்

எல்அப்ளை தனியொரு ஆசிரியர் எல்லாத் தாள்களையும் திருத்துவது போன்றது. இன்றைய கணினிகளில் மையச் செயலகத்துக்குள் தனித்தனியே வேலை செய்யக்கூடிய பகுதிகள் பல உள்ளன. இவற்றை கோர் என்கிறோம். நான்கு கோர் உள்ள கணினியில் எல்அப்ளையை ஓட்டினால் பெரும்பாலும் ஒரு கோர் உழைக்கும், மற்றவை சும்மா இருக்கும். அவற்றுக்கும் வேலையைப் பங்கிட்டுத் தருவதுதான் இணைச் செயலாக்கம். 2011இல் வெளியான 2.14.0 பதிப்பிலிருந்து 'பேரலல்' என்ற தொகுப்பு ஆர் மொழியுடன் சேர்ந்தே கிடைக்கிறது. அதில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி 'எம்சி-எல்அப்ளை'. இது ஓடிக்கொண்டிருக்கும் ஆர் நிரலையே நகலெடுத்துப் பல பிள்ளை நிரல்களை உண்டாக்குகிறது. ஒரே வகுப்பறையில் நான்கு குழுக்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் போன்றது இது. விடைக்குறிப்பு கரும்பலகையில் எழுதப்பட்டிருப்பதால் எல்லாக் குழுவுக்கும் அது தெரியும். தனித்தனியே கொடுக்க வேண்டியதில்லை. லினக்ஸ் கணினிகளில் இது இயங்கும். விண்டோஸில் இப்படி நகலெடுக்க வழியில்லாததால், ஒன்றுக்கு மேற்பட்ட கோர் கேட்டால் பிழை என்று சொல்லிவிடும்.

இரண்டாவது வழி 'பார்-எல்அப்ளை'. இதில் முதலில் புதிய ஆர் நிரல்கள் சிலவற்றைத் திறந்து ஒரு குழுவாக அமைத்துக்கொள்கிறோம். இது விடைத்தாள் கட்டுகளை வேறு வேறு பள்ளிகளுக்கு அனுப்புவதைப் போன்றது. கட்டோடு விடைக்குறிப்பையும் சேர்த்தனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அங்குள்ளவருக்கு எதுவும் தெரியாது. செயற்கூற்றுக்குத் தேவையான மாறிகளையும் கூடுதல் தொகுப்புகளையும் ஒவ்வொரு நிரலுக்கும் முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும் என்பதே இதன் பொருள். சற்றுக் கூடுதல் வேலை என்றாலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இது இயங்கும். வேலை முடிந்ததும் குழுவைக் கலைத்துவிட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை நிரல் தன்னிடமுள்ள மாறியில் செய்யும் மாற்றம் தலைமை நிரலுக்கு வந்து சேராது. குழு தன் நோட்டில் எழுதியது தானாகக் கரும்பலகையில் ஏறாதல்லவா? செயற்கூறு விடையாக எதைத் திருப்பித் தருகிறதோ அது மட்டுமே திரும்பி வரும்.

3, 7, 11, 15…

எங்கள் குறுவள மையத்தைச் சேர்ந்த தொடக்கப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 240 பேருக்கு அடிப்படைத் திறன் தேர்வு ஒன்று நடத்தினோம். குறைதீர் கற்பித்தல் யாருக்குத் தேவை எனப் பிரித்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு கோப்பு, அதில் 25 மதிப்பெண்கள். அப்போதுதான் எம்சி-எல்அப்ளையைக் கற்றிருந்தேன். உண்மையில் 240 கோப்புகளுக்கு அது தேவையே இல்லை. எல்அப்ளையே நொடிகளில் முடித்திருக்கும். புதிதாகக் கற்றதைச் செய்து பார்க்கும் ஆசையில் நான்கு கோர்களுக்கும் பங்கிட்டேன்.

திரையில் ஏதோ ஓர் எச்சரிக்கை வரி வந்தது. நிரல் நிற்காமல் ஓடி முடிந்ததால் அதை நான் பொருட்படுத்தவில்லை. வந்த விடைகளில் எண்ணாக இருந்தவற்றை மட்டும் எடுத்து, வரம்புக்குக் கீழே இருப்பவர் ஒரு பட்டியல், மேலே இருப்பவர் மற்றொரு பட்டியல் எனப் பிரித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். "சார், எங்க அஞ்சாம் வகுப்புல ஒரு பொண்ணு பேரு ரெண்டு பட்டியல்லயும் இல்ல. அவளுக்கு ரெண்டெழுத்துச் சொல்லே வாசிக்க வராது. கொஞ்சம் பாருங்க."

"கம்ப்யூட்டர் போட்டது டீச்சர், தப்பு வர வாய்ப்பில்ல. நீங்க இன்னொரு தடவ பட்டியலப் பாருங்க" என்றேன். இன்றும் நினைத்து வெட்கப்படும் பதில் அது.

"பாத்துட்டுத்தான் சார் கூப்பிடுறேன். அவ மட்டும் இல்ல, இன்னும் நாலஞ்சு பேரு இல்ல" என்றார்.

அன்று மாலை இரண்டு பட்டியல்களையும் கூட்டினேன். 62 பேரும் 118 பேரும் சேர்ந்து 180. உள்ளே போனவர்கள் 240. விடுபட்டவர்களின் வரிசை எண்களை எழுதினேன்: 3, 7, 11, 15, 19… கடைசி எண் 239. கணக்கு ஆசிரியனுக்கு இதற்குமேல் துப்புத் தேவையில்லை. முதல் உறுப்பு 3, பொது வித்தியாசம் 4 கொண்ட கூட்டுத் தொடர்வரிசை. 239ஆவது எண் அதன் 60ஆவது உறுப்பு. நான்கு கோர், பொது வித்தியாசம் நான்கு. மூன்றாவது கோருக்குக் கொடுத்த பங்கு முழுவதும் போயிருந்தது.

பிழை ஒளிந்திருந்த இடம்

எம்சி-எல்அப்ளை தன் வழக்கப்படி வேலை தொடங்கும் முன்னரே பட்டியலைப் பங்கிட்டுவிடுகிறது. சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுவது போல 1, 5, 9 முதலியவை முதல் கோருக்கு, 2, 6, 10 முதலியவை இரண்டாவதற்கு, 3, 7, 11 முதலியவை மூன்றாவதற்கு என்று போகும். ஒரு பங்கில் எந்த ஓர் உறுப்பிலாவது செயற்கூறு பிழையில் முடிந்தால், அந்தப் பங்கிலுள்ள எல்லா உறுப்புகளுக்கும் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்தியே திரும்பி வரும், மற்றவை நன்றாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும் கூட. மற்ற கோர்களின் வேலை தடைப்படாது. எச்சரிக்கை ஒன்று மட்டும் திரையில் தோன்றும். நான் படிக்காமல் விட்ட வரி அதுதான்.

பிழை 107ஆம் கோப்பில் இருந்தது. அந்த மாணவர் தேர்வின் இரண்டாம் நாள் வரவில்லை. வகுப்பாசிரியர் நாமெல்லாம் செய்வது போல மதிப்பெண்ணுக்குப் பதில் 'ஏபி' என்று ஆங்கில எழுத்துகளை எழுதியிருந்தார். எழுத்தைக் கூட்ட முடியாதென்று செயற்கூறு நின்றது. 107 என்பது அதே தொடர்வரிசையின் 27ஆவது உறுப்பு. எண்ணாக இருப்பதை மட்டும் எடு என்று நான் எழுதிய வரி, பிழைச் செய்திகளான 60 விடைகளையும் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிட்டது. வகுப்பாசிரியர் எழுதியது தவறன்று. அப்படியும் எழுதப்படலாம் என்று எதிர்பார்க்காத என் நிரலே தவறு.

எல்அப்ளையைப் பயன்படுத்தியிருந்தால் 107ஆவது கோப்பில் நிரல் நின்றிருக்கும். அப்போதே பிழையைக் கண்டிருப்பேன். பார்-எல்அப்ளையும் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். நிற்பது தொல்லையாகத் தோன்றினாலும் அதுவே பாதுகாப்பு.

திருத்தம் எளிதாகவே இருந்தது. ஒவ்வொரு கோப்பையும் கணக்கிடும்போது பிழை வந்தால், அங்கேயே அதைப் பிடித்து 'விடையில்லை' என்ற குறியீட்டைத் திருப்பித் தரும்படி செயற்கூற்றை மாற்றினேன். இப்போது ஒரு கோப்பின் குறை அந்தக் கோப்போடு நின்றது. 239 பேருக்கு விடை வந்தது, ஒருவருக்கு 'விடையில்லை' என்று வந்தது. விடுபட்ட அந்த 60 பேரில் 19 பேர் குறைதீர் வகுப்புக்கு உரியவர்கள். தலைமையாசிரியை சொன்ன மாணவியும் அவர்களில் ஒருத்தி.

எதைப் பங்கிடலாம், எதைப் பங்கிடக் கூடாது

ஓர் உறுப்பின் விடை மற்றோர் உறுப்பின் விடையைச் சாராமல் இருந்தால் மட்டுமே வேலையைப் பங்கிட முடியும். ஒவ்வொரு மாணவரின் மொத்தத்தையும் தனித்தனியே காணலாம். ஆனால் தரவரிசையை அப்படிக் காண முடியாது. எல்லாருடைய மொத்தமும் வந்த பிறகே யார் முதலிடம் என்று சொல்ல இயலும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் இருப்போடு சேர்த்து எழுதப்படும் இருப்புப் பதிவேட்டையும் அப்படியே நான்காகப் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டாம் பங்கு தொடங்க முதல் பங்கின் கடைசி இருப்புத் தெரிய வேண்டும்.

சராசரியில் ஒரு கண்ணி உண்டு. ஒரு குழுவில் 3 பேர், அவர்கள் சராசரி 10. மற்றொரு குழுவில் ஒருவர், அவர் மதிப்பெண் 30. இரு சராசரிகளின் சராசரி 20. ஆனால் நால்வரின் உண்மையான சராசரி 60ஐ 4ஆல் வகுத்த 15. ஆகவே ஒவ்வொரு குழுவும் சராசரியைத் தராமல் கூட்டுத்தொகை, எண்ணிக்கை ஆகிய இரண்டையும் தர வேண்டும். சேர்ப்பவர் அவற்றைக் கூட்டி வகுத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் இதைத் தனி வினாவாகவே கொடுக்கலாம்.

நான்கு கை என்றால் நான்கு மடங்கு வேகமா?

மாணவர்கள் உடனே கேட்கும் கேள்வி இது. ஒரு வேலைக்கு மொத்தம் 10 நிமிடம் ஆகிறது என்போம். அதில் பிரிக்கவும் சேர்க்கவும் 2 நிமிடம். இதைப் பங்கிட முடியாது. மீதி 8 நிமிட வேலையை நால்வருக்குப் பங்கிட்டால் 2 நிமிடம். மொத்தம் 4 நிமிடம். வேகம் இரண்டரை மடங்குதான். எத்தனை பேரைச் சேர்த்தாலும் முதல் 2 நிமிடத்துக்குக் கீழே போக முடியாது. அதாவது ஐந்து மடங்கே உச்ச வரம்பு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இது. அவர் பெயராலேயே ஆம்டால் விதி என்று வழங்குகிறது.

ஒவ்வோர் உறுப்புக்கான வேலையும் மிகச் சிறியதாக இருந்தால் பங்கிடுவதற்கு ஆகும் நேரமே வேலை நேரத்தை விஞ்சிவிடும். என் 240 கோப்புகளின் கதையும் அதுதான்.

வகுப்பறைச் செயல்பாடு

நோக்கம்: எந்த வேலையைப் பங்கிடலாம், பங்கிட்டால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை மாணவர் தாமே கண்டறிதல்.

தேவையானவை: வரிசை எண் இட்ட 24 துண்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து எண்கள். தொடக்க வகுப்புக்கு ஓரிலக்கம், உயர்நிலைக்கு ஈரிலக்கம். நேரம் பார்க்க ஒரு கடிகாரம்.

1. ஒரு மாணவர் 24 சீட்டுகளின் கூடுதலையும் தனியே காணட்டும். நேரத்தைக் கரும்பலகையில் எழுதுக.

2. சீட்டுப் போடுவது போல நால்வருக்குப் பங்கிடுக. பிரிக்கத் தொடங்கியதிலிருந்து வரிசையாக அடுக்கி முடிக்கும்வரை நேரம் எடுக்கவும். நான்கில் ஒரு பங்கு நேரம்தான் ஆனதா என்று கேட்கவும்.

3. வேலையை எளிதாக்குக: முதல் எண் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் சொன்னால் போதும். இப்போது தனியொருவர் செய்வதும் நால்வர் செய்வதும் எப்படி ஒப்பிடப்படுகின்றன என்று பேசவும்.

4. ஒவ்வொரு சீட்டிலும் முந்தைய சீட்டின் விடையையும் சேர்த்துக் கூட்டச் சொல்க. மூன்று பேர் கைகட்டிக் காத்திருப்பதை வகுப்பு முழுவதும் பார்க்கும். ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.

5. ஒரு சீட்டில் யாருக்கும் தெரியாமல் ஓர் எண்ணை அழித்து 'வரவில்லை' என்று எழுதி வைக்கவும். 'தடை வந்தால் உன் பங்கு முழுவதையும் ஓரமாக வைத்துவிடு' என்பது விதி. பிறகு மற்ற விடைகளை மட்டும் வாங்கி, 'வேலை முடிந்ததா?' என்று கேட்கவும். 24க்கு 18தான் இருக்கிறது என்று யாராவது எண்ணிச் சொல்லும்வரை காத்திருக்கவும். விடுபட்ட சீட்டுகளின் எண்களை எழுதச் சொன்னால் கூட்டுத் தொடர்வரிசை தானாக வெளிப்படும்.

6. விதியை 'தடை வந்த சீட்டில் மட்டும் குறியிட்டு அடுத்ததைச் செய்' என்று மாற்றி மீண்டும் நடத்துக. எத்தனை விடை கிடைக்கிறது என்று ஒப்பிடுக.

ஐந்தாவது படியை அவசரப்படுத்த வேண்டாம். எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மாணவரிடமிருந்தே வருவதுதான் இச்செயல்பாட்டின் பயன்.

கணினியில் செய்து பார்ப்பவர்களுக்கு

முதலில் ஐந்தாறு உறுப்புகளை மட்டும் எடுத்து எல்அப்ளையில் ஓட்டி விடை சரியா என்று பாருங்கள். வேகம் போதவில்லை என்றால் மட்டும் இணைவழிக்கு மாறுங்கள். கணினியில் எத்தனை கோர் என்பதை பேரலல் தொகுப்பே சொல்லும். ஒன்றை மற்ற வேலைகளுக்கு விட்டுவைப்பது நல்லது. குலுக்கல் முறையில் எண்களை உருவாக்கும் வேலை என்றால், ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி எண்ணோட்டம் தரும் வசதி அத்தொகுப்பில் உண்டு. அதைப் பயன்படுத்தினால்தான் மறுமுறை ஓட்டும்போதும் அதே விடை வரும். எச்சரிக்கை வரிகளைப் படியுங்கள். கடைசியாக, உள்ளே போன எண்ணிக்கை, விடை வந்த எண்ணிக்கை, 'விடையில்லை' என்று வந்த எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அச்சிட்டுப் பார்க்காமல் எந்தப் பட்டியலையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 100 உறுப்புகள் கொண்ட பட்டியல் 5 கோர்களுக்குச் சீட்டுப் போடுவது போலப் பங்கிடப்படுகிறது. 48ஆவது உறுப்பில் பிழை ஏற்பட்டால் எந்தெந்த உறுப்புகளின் விடைகள் பாதிக்கப்படும்? எத்தனை?

2. ஒரு வேலையின் 20 நிமிடத்தில் 5 நிமிடத்தைப் பங்கிட முடியாது. மூன்று பேர் செய்தால் எத்தனை நிமிடம் ஆகும்?

3. வகுப்பின் மிக உயர்ந்த மதிப்பெண்ணைக் காணும் வேலையைப் பங்கிட முடியுமா? ஒவ்வொரு குழுவும் எதைத் திருப்பித் தர வேண்டும்?

அந்தத் தலைமையாசிரியையிடம் கணினி இருந்ததோ, ஆர் மொழி தெரிந்ததோ எனக்குத் தெரியாது. தம் வகுப்பில் எத்தனை குழந்தைகள், யாருக்கு வாசிக்க வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 240இல் 60 குறைந்ததை அவர் பள்ளியிலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது எந்தப் பகுப்பாய்வு செய்தாலும் பட்டியலை முதலில் அவருக்கு அனுப்பி, "உங்க பிள்ளைங்க எல்லாரும் இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டுக்கொள்கிறேன்.